இருபத்துமூன்றாம் நம்பர் பொட்டலம்

அந்த வீட்டை ஆண்டது ஹோசியத் அம்மாளின் பிரஷர். மோஹிரா மருமகளாக வந்த இந்தப் பதினாலு வருஷத்தில் அவள் போக முடியாமல் போன இடங்களை எண்ணக் கைவிரல் போதாது. தங்கையின் கல்யாணத்துக்கு முதல் நாள் மாமியாருக்கு நூற்றெண்பது. அல்மாட்டியில் கருத்தரங்கு என்று டிக்கெட் எடுத்த அன்று நூற்றுத் தொண்ணூறு. நடிப்பு என்று தள்ளிவிடவும் வழியில்லை. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்ப்பவளே மோஹிராதான்.

"நீ போயிட்டு வா, பொண்ணே. எனக்கென்ன, நீ வரும்போது இருந்தா பார்க்கலாம்" என்பாள் ஹோசியத், நெற்றியில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு. இதற்கு மேல் யார் கிளம்புவார்கள்?

மோஹிராவின் பிழைப்பும் பிரஷர்தான் என்பது தெருவுக்கே வேடிக்கை. செடிகொடியின் சத்தைப் பிரித்து மருந்தாக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில், தாஷ்கண்டின் வடக்குக் கோடியில், அவளுக்கு வேலை. மலைச்சரிவில் ஊதாப் பூப் பூக்கும் ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த சத்து ரத்தக்குழாயைத் தளர்த்தும். ஆனால் பலம் போதாது, குமட்டலும் வரும். அந்தச் சத்தின் மூலக்கூறில் ஓரத்தில் ஒன்றை வெட்டி இன்னொன்றை ஒட்டி, ஒன்பது வருஷத்தில் முப்பத்தொரு விதமாக மாற்றிப் பார்த்தாள். இருபத்துமூன்றாவது மட்டும் தேறியது. அதுவும் தண்ணீரில் கரைய மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கரைய வைத்தவர் பேராசிரியர் யோர்மத்தோவ். கூடத்தில் எல்லோருக்கும் அவர் தோம்லா, அதாவது வாத்தியார். கரையாத எதையும் அதிமதுர வேரின் அமிலத்தில் சுற்றிக் கொடுப்பது அந்தக் கூடத்தின் வழக்கம். வேறு ஊர்க்காரனுக்குத் தோன்றியிருக்காது. இங்கே ஆற்றங்கரை முழுக்க அதிமதுரம் காடாக மண்டிக் கிடக்கிறது, மூட்டை மூட்டையாக ஏற்றுமதி ஆகிறது, மந்திரியிலிருந்து வாட்ச்மேன் வரை அதன் பெருமை பேசாதவர் இல்லை. நம் வேரில் சுற்றிய நம் மருந்து என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அதிமதுரத்தை அளவுக்கு மீறித் தின்றால் பிரஷர் ஏறும் என்று அங்கே எல்லோரும் படித்துத்தான் இருந்தார்கள். "இந்தத் துளியிலயா?" என்று தோம்லா ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான்கு வாரம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரஷர் சரசரவென்று இறங்கியது. தோம்லா எல்லோருக்கும் புலவுச் சோறு விருந்து போட்டார்.

சந்தோஷம் தாங்காமல் மோஹிரா அதை வீட்டில் சொல்லித் தொலைத்தாள். பிடித்துக்கொண்டாள் ஹோசியத்.

"எலிக்குக் குடுக்கறே, எனக்குக் குடுக்க மாட்டியா? எலியைவிட நான் கேவலமாப் போயிட்டேனா?"

"அம்மா, அது இன்னும் மனுஷங்களுக்குக் குடுக்கற மருந்து இல்லம்மா. வெளியில தெரிஞ்சா என் வேலை போயிடும், ஜெயில்லகூடப் போட்டுருவாங்க."

"யாருக்குத் தெரியப் போகுது? நான் கண்ண மூடற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்."

தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று மூன்று தெருவுக்குச் சொல்லிக்கொண்டு வருகிறவள் அவள். நம்பியிருக்கவே கூடாது. ஆனால் பத்து நாள் நெற்றியில் துணியோடு படுத்தாள், மகன் பேரைச் சொல்லி அழுதாள். மகன் தோல்கின் ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போய் ஆறு வருஷம். போன் வந்து இரண்டு வருஷம். அங்கே அவனுக்கு வேறு வீடு, வேறு பெண்டாட்டி என்று தெருவுக்கே தெரியும். அந்த வீட்டுக்குள் மட்டும் அவன் "வேலையா இருக்கான்". மாமியாரிடம் முடியாது என்று சொல்லும் வார்த்தையை மோஹிரா எங்கும் கற்கவில்லை. மார்ச்சில் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு மறுநாள் பொட்டலம் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். காலையில் ஒன்று, டீக்கு முன்னால்.

நூற்று நாற்பதுக்கு இறங்கியது. ஹோசியத் முற்றத்தைத் தானே பெருக்கினாள், கல்யாண வீடுகளில் போய் ஆடினாள். பக்கத்து வீட்டுக்காரி ரகசியத்தைக் கேட்டபோது "பூண்டு" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரகசியத்தை அவள் கட்டிக் காத்தாள்.

மே மாதக் கடைசியில் ஒரு காலையில், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் வேரா கிம் மோஹிராவை விலங்கு அறைக்குக் கூப்பிட்டாள். வேரா கொரியக்காரி, ஐம்பது வயது, கூடத்தில் யாருக்கும் பயப்படாத ஒரே ஆள்.

"திட்டாதே. அந்த ஆறு எலி இன்னும் இருக்கு."

"எந்த ஆறு?"

"உன் இருபத்துமூணு. நாலு வாரம் முடிஞ்சதும் கொல்லணும்னாங்க. கொல்லறதுக்கு ஒரு காகிதத்துல கையெழுத்து வேணும். தோம்லா புலவு போடறதுல மறந்துட்டாரு. கையெழுத்து இல்லாம நான் கொல்ல மாட்டேன். மருந்து கலந்த தீனி ஒரு மூட்டை மிச்சம் இருந்துச்சு, தூக்கிப் போட மனசு வரல. அதையே போட்டுட்டு வந்தேன்."

"மூணு மாசமாவா?"

"நேத்து ஒண்ணு செத்துப்போச்சு. நின்ன இடத்துலயே விழுந்துடுச்சு. அதான் மத்ததுக்கு அளந்து பார்த்தேன். நீயே பாரு."

வேரா ஓர் எலியைக் குழாய்க்குள் விட்டாள். முன்னால் மூக்குக்கு ஓர் ஓட்டை, பின்னால் வால் மட்டும் வெளியே. அது திரும்பவும் முடியாது, பின்னால் நகரவும் முடியாது. வாலில் சின்னப் பட்டையை மாட்டிக் காற்றடித்தாள். மருந்து தொடங்குவதற்கு முன் இருந்ததைவிட அதிகம். ஐந்துக்கும் அப்படியே. மோஹிரா ரத்தம் எடுத்துத் தானே பார்த்தாள். பொட்டாசியம் அடிமட்டத்தில் கிடந்தது.

அதிமதுரம் செய்கிற வேலை அதுதான். உப்பை உடம்பில் தேக்கும், பொட்டாசியத்தைச் சிறுநீரில் கழித்துவிடும், பிரஷரை ஏற்றும், கடைசியில் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும். மருந்து இறக்கியதை, மருந்தைச் சுற்றிய உறை மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தது. நான்கு வாரத்தில் தெரியாதது மூன்று மாதத்தில் தெரிந்தது. பத்து நாளாக மாமியார் கால் பிடித்து இழுக்கிறது என்கிறாள், மாடிப்படி ஏற முடியவில்லை என்கிறாள். வயசாகிவிட்டது என்று நினைத்துக் காலைப் பிடித்துவிட்டிருந்தாள் மோஹிரா.

தோம்லாவின் அறைக்கு ஓடினாள். அவர் முடிவு எழுதிய தாளைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"எந்த எலி இது?"

"பிப்ரவரியில ஆரம்பிச்சதுதான், தோம்லா."

"அதெல்லாம் மார்ச்சிலயே செத்தாச்சு. அறிக்கையில உன் கையெழுத்து இருக்கு, என் கையெழுத்து இருக்கு. செத்த எலிக்குப் பிரஷர் பார்த்தியா, மகளே?"

"உயிரோட இருக்குங்க. வந்து பாருங்க."

"நான் பார்க்க மாட்டேன். பார்த்தா நாம ரெண்டு பேரும் பொய்க் கணக்கு எழுதினவங்க ஆயிடுவோம்." அவர் குரலை உயர்த்தவேயில்லை, எப்போதும் போல டீ ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். "அடுத்த மாசம் உன் ஆய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வு. இலையுதிர்காலத்துல நாப்பது நோயாளிக்குக் குடுத்துப் பார்க்க அனுமதி வருது. அது முடியட்டும், உறையை மாத்திக்கலாம். இப்ப யாரு உயிரு போகுது?"

யார் உயிர் என்று அவள் எப்படிச் சொல்வாள்? டீயைத் தொடாமல் எழுந்தாள். வீட்டுக்கு மினிபஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். வழியெல்லாம் ஒரே கணக்கு: நாளுக்கு ஒன்று, எழுபது நாள். எலியின் எடைக்கு அவ்வளவு, மனுஷிக்கு இவ்வளவு. ஒன்றுதானே, பெரிதாக ஆகியிருக்காது, இன்றோடு நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஹோசியத் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். கெட்டில் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"தூக்க முடியல, பொண்ணே. கை கேக்க மாட்டேங்குது." மூச்சு வாங்கியது. கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் சதையில் அழுந்தியிருந்தது. பிரஷர் இருநூற்றிருபது.

மோஹிரா அலமாரியைத் திறந்தாள். இருபது பொட்டலம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு இருந்தது.

"அம்மா, மத்ததெல்லாம் எங்க?"

"கோவிச்சுக்காதே. ஒரு பொட்டலத்துக்குக் கேக்காமப் போச்சு. கொஞ்ச நாளா மூணு போடறேன். தித்திப்பாத்தானே இருக்கு."

மோஹிரா ஆம்புலன்ஸுக்கும் நாத்தனாருக்கும் போன் செய்தாள். ஹோசியத் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டர்கிட்ட மூச்சு விடக் கூடாது, தெரியுதா? உன்னைப் பிடிச்சு உள்ள வச்சுட்டா உன் ரெண்டு பொண்ணுங்கள யாரு பார்ப்பா? நானா? இந்தக் கையாலயா?"

"சொல்லாம எப்படிம்மா? அவங்க வேற ஏதாவது குடுத்துட்டா?"

"நம்ம வீட்டு விஷயம் நம்ம வீட்டோட. நான் சொல்றதக் கேளு."

அந்த இரண்டு பொட்டலத்தையும் மோஹிரா கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நாத்தனார் மஸ்தூரா முந்திக்கொண்டு வந்து நின்றிருந்தாள், கையில் துணியில் சுற்றிய, கறி அடைத்துச் சுட்ட சோம்சாவோடு. அம்மாவைப் பார்த்ததும் அழுகை, அண்ணியைப் பார்த்ததும் கோபம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யத் தெரிந்தவள் அவள்.

"எலிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கறீங்களே அண்ணி, எங்கம்மாவ ஒரு தடவை திரும்பிப் பார்த்தீங்களா? இவ்வளவு வீங்கற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

மோஹிரா குனிந்து மாமியாரின் செருப்பு வாரை அவிழ்த்தாள். மஸ்தூரா சொன்னது சரிதான்.

டாக்டர் இல்யோஸ் இளைஞர். காலையிலிருந்து நிற்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. இ.சி.ஜி. எடுக்கச் சொல்லி, அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜையில் போட்டார். "என்ன மருந்து சாப்பிடறீங்க, பெரியம்மா?"

"நானா? ஒண்ணும் கிடையாது தம்பி. டீ, ரொட்டி, பூண்டு."

"நாட்டு மருந்து, மூலிகை, பொடி கிடி ஏதாவது?"

"அதெல்லாம் என் மருமக விட மாட்டா. படிச்சவ." சொல்லிவிட்டு மோஹிராவை ஒரு பார்வை பார்த்தாள். முதல் நாள் மணக்கோலத்தில் முக்காட்டை விலக்கியபோது பார்த்த அதே பார்வை: வாயைத் திறந்தால் தெரியும்.

"உடம்பு பூரா நீர் கோத்திருக்கு" என்றார் டாக்டர் நர்ஸிடம். "நீர் பிரியற ஊசி போடுங்க, ரெண்டு மடங்கு. ரத்தம் லேபுக்கு அனுப்புங்க, ஒரு மணி நேரத்துல வரும்."

நீர் பிரிகிற ஊசி. நீரோடு மிச்சமிருக்கிற பொட்டாசியமும் போகும். ஒரு மணி நேரத்தில் முடிவு வரும்போது யாருக்கு அது வேண்டியிருக்கும்? நர்ஸ் மருந்துக்குப்பியின் கழுத்தை உடைத்தாள். பதினாலு வருஷமாக இந்தக் கிழவியின் முன்னால், அதுவும் வெளியாள் பக்கத்தில், மோஹிரா ஒரு வார்த்தை மாற்றிப் பேசியதில்லை. பேசினால் வேலை போகும், பட்டம் போகும், ஜெயில்கூட வரும்; பேசாவிட்டால் இவள் போவாள். சுற்றிக்கொண்டு வர ஒரு வழி உண்டா என்று தேடினாள்.

"டாக்டர், பொட்டாசியம் பார்த்துட்டு ஊசி போடலாமே?"

அவர் திரும்பினார். "நீங்க டாக்டரா?"

"வேதியியல்."

"அப்ப வேதியியலப் பாருங்க. மூச்சு முட்டுது அவங்களுக்கு."

நர்ஸ் ஊசியை நிமிர்த்திக் காற்றை வெளியேற்றினாள். மஸ்தூரா அம்மாவின் கைச்சட்டையை மேலே ஏற்றிவிட்டாள். சுற்றுவழி இல்லை.

"போடாதீங்க!" மோஹிரா நர்ஸின் கைக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டாள். "அவங்க அதிமதுர அமிலம் சாப்பிட்டிருக்காங்க. எழுபது நாளா. கொஞ்ச நாளா தினம் மூணு பொட்டலம். நான்தான் குடுத்தேன். எங்க லேபில செஞ்ச பிரஷர் மருந்து, இன்னும் அனுமதி இல்லாதது. இந்த ஊசி போட்டீங்கன்னா செத்துடுவாங்க."

மஸ்தூராவின் கையிலிருந்து சோம்சா மூட்டை நழுவியது.

"பொய்!" என்றாள் ஹோசியத், மூச்சு இரைக்க. "தம்பி, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. புருஷன் பக்கத்துல இல்ல, ராவெல்லாம் தூங்கறதில்ல, என்னத்தையோ உளர்றா. நான் ஒண்ணுமே சாப்பிடல. குரான் மேல சத்தியம். போடுங்க ஊசிய!"

சாகக் கிடக்கிறவள் தன் கையையே நீட்டினாள். தன்னைக் கொல்லும் ஊசிக்குக் கை நீட்டி மருமகளைக் காப்பாற்றப் பார்த்தாள். மோஹிராவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷம் ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவள், இன்றைக்கா பாசத்தைக் காட்ட வேண்டும்?

அவள் பைக்குள் கைவிட்டு இரண்டு பொட்டலத்தையும் எடுத்து மேஜையில் வைத்தாள். "இ.சி.ஜி.யை இன்னொரு தடவை பாருங்க, டாக்டர். என்னை நம்ப வேண்டாம். அதைப் பாருங்க."

டாக்டர் தாளை எடுத்து ஜன்னல் பக்கம் போனார். இந்தத் தடவை விரலை வைத்து நிதானமாக ஒவ்வோர் அலையாகப் பார்த்தார். அவர் காது சிவந்தது. "ஊசிய வைங்க கீழே" என்றார் நர்ஸிடம். "பொட்டாசியம் டிரிப். இப்பவே. மானிட்டர் போடுங்க."

லேப் முடிவு வந்தபோது நர்ஸ் அதை இரண்டு தடவை சரிபார்க்கச் சொன்னாள், அவ்வளவு குறைவு. நான்கு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறியது. மஸ்தூரா ஒரு மூலையில் அண்ணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திட்டினாலாவது தேவலையாக இருந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தபோதே ஹோசியத் கையை மடக்கி நீட்டிப் பார்த்தாள். மடங்கியது.

டாக்டர் இல்யோஸ் ஒரு தாளோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இதை மேல எழுதியாகணும். வேற வழி இல்ல. யாரு குடுத்தாங்க, எவ்வளவு, எப்ப இருந்து. கையெழுத்தோட வேணும்."

"எழுதிக்கங்க, தம்பி" என்றாள் ஹோசியத். இப்போது குரல் தெளிவாக இருந்தது. "நான் திருடினேன். அவ பையில இருந்தது. மருந்துன்னு தெரியும், அவளைக் கேக்காம எடுத்துத் தின்னேன். படிக்காத கிழவி, பேராசை. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் மோஹிராவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. போலீஸ் வரை போகாமல் முடிந்தால் அவருக்கும் சௌகரியம்தான். "அப்படியா?"

சும்மா இருந்தால் போதும். ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். தலையைக் குனிந்துகொண்டு நின்றால் போதும், இத்தனை வருஷம் நின்றதைப் போல. வேலை இருக்கும். அடுத்த மாதம் பட்டம். தோம்லா என்ன எழுதுவார் என்பதும் அவளுக்குத் தெரிந்தது: ஒன்றுமறியாத கிழவி ஒருத்தி அளவுக்கு மீறித் தின்றுவிட்டாள், மருந்தில் குற்றமில்லை. இலையுதிர்காலத்தில் நாற்பது பேர், நாளுக்கு ஒன்று, டீக்கு முன்னால். ஆறு எலி செத்தாகிவிட்டது, காகிதத்தில்.

"இல்ல, டாக்டர்" என்றாள் மோஹிரா. "நான் குடுத்தேன். என் கையால மடிச்சுக் குடுத்தேன். மூணு தின்னது அவங்க தப்புன்னு எழுதாதீங்க. ஒண்ணே தின்னிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும், இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு. எங்க எலிக்கு ஆச்சு. அதையும் எழுதணும்."

ஹோசியத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஒரே நாள்ல ரெண்டு தடவை எதிர்த்துப் பேசிட்ட."

"ஆமாம்மா."

"உன்னைக் கொண்டு போயிடுவாங்கடி."

"தெரியும்மா."

கிழவியின் முகம் கோணியது. திட்டப் போகிறாள் என்றுதான் மோஹிரா நினைத்தாள். "அவன்தான் போயிட்டான்" என்றாள் ஹோசியத். "இனிமே வர மாட்டான். எனக்குத் தெரியாதா? நீயும் போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?"

மஸ்தூரா முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் தாளையும் பேனாவையும் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோஹிரா குனிந்து பேனாவை எடுத்தபோது மாமியாரின் கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பொட்டாசியம் நன்றாகவே வேலை செய்திருந்தது, பிடி வலித்தது.

"கைய விடுங்கம்மா. எழுதணும்."

ஹோசியத் விடவில்லை. மோஹிரா அந்தப் பிடியோடேயே எழுத ஆரம்பித்தாள். இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட அரைமணி ஆயிற்று. எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வந்திருந்தது. டாக்டர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "படிக்க முடியுது, போதும்" என்றார்.